முப்பத்து நான்கு ஜோடி

“முப்பத்தி நாலா! என்னை ஒரு வார்த்தை கேக்காம முப்பத்தி நாலு பேருக்குக் கிறிஸ்துமஸுக்குள்ள தர்றேன்னு வாக்குக் குடுத்தியா அக்கா?”

“கேட்டா என்ன சொல்லுவே? ‘உம்’னுவே. உன் உம்முக்கு ஆமான்னு அர்த்தமா இல்லைன்னு அர்த்தமான்னு நாலு வருஷமா எனக்கு விளங்கலை. நான் ஆமான்னு எடுத்துக்கிட்டேன்.”

“உம்முன்னா யோசிக்கிறேன்னு அர்த்தம்!”

“நீ யோசிச்சு முடிக்கறதுக்குள்ள பனியே உருகிடும்டா!”

ஹால்வரின் பட்டறைக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. வெளியே தூரிட் கையில் கேக் தட்டுடன் நின்றுகொண்டிருந்தாள். ஆகஸ்டில் வாங்கிய தட்டை நவம்பரில் திருப்பிக் கொடுக்க வந்தவள். சண்டைக்கு நடுவே கதவைத் தட்டுவது நாகரிகம் இல்லை என்று முழுதாக ஐந்து நிமிடம் குளிரில் காத்திருந்தாள். மரியாதை தெரிந்தவள். அந்த ஐந்து நிமிடத்தில் அவள் கேட்டதெல்லாம் அன்று மாலைக்குள் பள்ளத்தாக்கு முழுவதற்கும் தெரிந்துவிட்டது என்றால் அதற்கு அவளை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. கேட்க ஆளில்லாமல் யாரும் சொல்வதில்லை.

ஹால்வர் பனிச்சறுக்குக் கட்டை செய்கிறவன். ஆஷ் மரத்தில், முழுக்கக் கையால். குளிர்காலத்துக்கு இருபது, மிஞ்சிப்போனால் இருபத்தைந்து ஜோடி. பலகையை மூன்று வருஷம் உலர வைப்பான், ஆவியில் கட்டையின் மூக்கை, அதாவது முன் நுனியை, வளைப்பான், பிறகு வாங்குகிறவரின் எடையைக் கேட்டுக்கொண்டு அதற்கேற்றபடி நடுவில் சுரண்டிச் சுரண்டி மெல்லிசாக்குவான். அந்தச் சுரண்டலுக்கே ஒரு ஜோடிக்கு ஒன்றரை நாள். கடைசியில் அடியில் பைன் தார் பூசிச் சூட்டில் இறக்கி, நுனியில் தன் பெயரைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் ஒரு இழுப்பு இழுத்து வைப்பான். அந்த முத்திரை விழுந்துவிட்டால் கட்டை அவனைப் பொறுத்தவரை பேசி முடித்த பேச்சு.

போன மார்ச்சில் ஓஸ்லோவிலிருந்து வந்த ஒரு பல் டாக்டர் அந்தக் கட்டைகளில் மலையிலிருந்து இறங்குவதை யாரோ படம் பிடித்தார்கள். படம் பேப்பரில் வந்தது. டாக்டர் முகம் தெரியவில்லை, கட்டை தெளிவாகத் தெரிந்தது. அன்றிலிருந்து போன் ஓயவில்லை.

போனை எடுப்பது அக்கா குன்வோர். நான்கு வருஷத்துக்கு முன் டிராமெனில் புருஷனோடு எல்லாம் முடிந்து, இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று இரண்டு பெட்டியோடு வந்தவள். தம்பி போனை அது பாட்டுக்கு அடிக்க விட்டு, நின்ற பிறகு “நின்னுடுச்சு” என்று சொல்கிற ஆள். அதைப் பார்க்கச் சகிக்காமல் அவள் எடுக்க ஆரம்பித்தாள். அவளிடம் ஒரு பலவீனம். எதிர்முனையில் குரல் கொஞ்சம் இறங்கினால் போதும், “சரி, பார்க்கலாம்” என்று வாயில் வந்துவிடும். பார்க்கலாம் என்பதை ஊர்க்காரன் முடியாது என்று எடுத்துக்கொள்வான். பட்டணத்துக்காரன் தேதி குறித்துக்கொள்கிறான். ஐம்பது வயது மனைவிக்கு, புதிதாக நடை பழகும் மாமனாருக்கு, இடுப்பு ஆபரேஷன் ஆன தமக்கைக்கு என்று முப்பத்து நான்கு பேர் சேர்ந்துவிட்டார்கள். முப்பத்து நான்கு ஜோடியும் மூக்கு வளைத்துச் சுவரில் தொங்கிக்கொண்டுதான் இருந்தன. தேய்க்கவும் சுரண்டவும் தார் பூசவும் ஹால்வருக்கு ஒரு வலது தோள்தான் இருந்தது. அந்தக் கையும் செப்டம்பரிலிருந்து தலைக்கு மேல் ஏறவில்லை.

“ஆறு வாரம் இருக்கு,” என்றாள் குன்வோர், குரலைத் தணித்து. “ஏதாவது ஒரு வேலையைக் குறைச்சுக்கோயேன். அந்தச் சுரண்டலை அரை நாள் ஆக்கேன்.”

“எதை விடறது? இடது கட்டையையா, வலது கட்டையையா?”

“நக்கலுக்கு மட்டும் தோள் வலிக்கறதில்லை.”

அப்போதுதான் தூரிட் கதவைத் தட்டினாள். “தட்டைக் குடுக்கலாம்னு வந்தேன்” என்றாள். சற்றுமுன் கேட்டது எதுவும் முகத்தில் தெரியக்கூடாது என்று அவள் பட்ட பாட்டில் எல்லாமே தெரிந்தது.

மறுநாள் கூட்டுறவுக் கடையில் பால் அலமாரிக்குப் பக்கத்தில் தூரிட் குன்வோரைப் பிடித்தாள். ஊர் விளையாட்டுச் சங்கத்துக்குப் பதினேழு வருஷமாகச் செயலாளர் அவள். பள்ளிக்கூட வேலிக்குச் சாயம் அடிக்க, பாதையில் விழுந்த மரத்தை அகற்ற, படகுத்துறையைச் சரி பண்ண என்று எதற்கும் டுக்நாட் கூப்பிட அவளை விட்டால் ஆள் இல்லை. டுக்நாட் என்றால் ஊர் கூடி வேலை செய்யும். கூலி கிடையாது. வரமாட்டேன் என்று சொல்லவும் முடியாது, வராதே என்று சொல்லவும் முடியாது. வந்தவருக்குக் காப்பியும் வாஃபிளும் கொடுத்து நன்றி சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

“ஏண்டி, சனிக்கிழமை அவன் ஷியென் ஆஸ்பத்திரிக்குத் தோளில் ஊசி போட்டுக்கப் போறானாமே?”

“உனக்கு யார் சொன்னது?”

“நீதான் நேத்துச் சொன்னே. கதவு திறந்திருந்துச்சுல்ல.” தூரிட் பால் டப்பாவின் தேதியை வாசிப்பது போல் பாவனை செய்தாள். “பத்துப் பதினோரு பேர் வர்றோம். பட்டறையைக் கூட்டி, சன்னல் துடைச்சு, கட்டையெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு வச்சிடறோம். தேய்க்கறதுக்கென்ன படிப்பா வேணும்? அவன் வந்து தார் பூசட்டும்.”

குன்வோர் யோசித்திருக்கலாம். ஆனால் ராத்திரியெல்லாம் முப்பத்து நான்கு பெயர்கள் தலைக்குள் வரிசையில் நின்றிருந்தன. “சரி, பார்க்கலாம்” என்றாள். தூரிட் ஊர்க்காரிதான். இருந்தும் தேதி குறித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை எட்டரைக்குப் பதினோரு பேர் வந்தார்கள். யார் யார் என்று பட்டியல் போட வேண்டாம், எங்கள் வீட்டிலிருந்தும் இரண்டு பேர் போயிருந்தோம். ஸ்கூல் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஓத்வார், எழுபது வயதில் சொந்த உப்புத்தாளோடு வந்தார். நல்ல வெயில். நவம்பரில் அபூர்வம். வேலை பறந்தது. வடக்குச் சுவரில் முப்பத்து நான்கு, தெற்குச் சுவரில் முப்பத்து நான்கு என்று தொங்கிய கட்டைகளையெல்லாம் இறக்கிச் சிலந்தி வலை அடித்தார்கள். நீளவாக்கில், கையோடு கை, அறுபத்தெட்டையும் பட்டு மாதிரி தேய்த்தார்கள். கட்டைகளின் அடியில் பென்சிலால் ஏதோ எழுத்தும் எண்ணுமாகக் கிறுக்கியிருந்தது.

“குன்வோர் அம்மா, இது என்ன குறி?” என்று ஓத்வார் கேட்டார்.

குன்வோர் அடுக்களையில் ஆறாவது முறை வாஃபிள் மாவு கலக்கிக்கொண்டிருந்தாள். “அவன் கணக்கு ஏதாவது இருக்கும், ஓத்வாரண்ணே.”

“கட்டையில என்னத்துக்குக் கணக்கு?” என்றாள் தூரிட். “அழுக்கா இருக்கு, தேய்ச்சுடுங்க.”

தேய்த்துவிட்டார்கள். பிறகு தூரிட் எல்லாவற்றையும் நீளம் பார்த்து, குட்டையிலிருந்து நெட்டை வரை படிக்கட்டு மாதிரி ஒரே சுவரில் அடுக்கினாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒருவர் படம்கூட எடுத்தார்.

நாலு மணிக்கு, இருட்டும் நேரத்தில், ஹால்வர் வலது கையைக் கழுத்துத் தூளியில் போட்டுக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தான். பட்டறை வாசலில் நின்றான். பதினோரு பேரும் சிரித்தார்கள். அவன் சுவரைப் பார்த்தான். வெகு நேரம் பார்த்தான்.

“வாயடைச்சுப் போயிட்டான் பாரு” என்றாள் தூரிட் பெருமையாக.

அவனுக்கு ஒரு வாஃபிளில் பழுப்புச் சீஸ் வைத்து நீட்டினார்கள். வாங்கிக்கொண்டான். மென்றான். விழுங்க நேரம் பிடித்தது. பிறகு இடது கையால் பதினோரு பேரின் கையையும் ஒவ்வொன்றாகப் பற்றிக் குலுக்கி, “ரொம்ப நன்றி. ரொம்பப் பெரிய உதவி” என்று ஒவ்வொருவரிடமும் சொன்னான். தெரு விளக்கு வரை கூடவே வந்து வழியனுப்பினான். டுக்நாட்டில் வந்தவனிடம் வேறென்ன சொல்ல முடியும்? பள்ளிக்கூட வேலிக்குத் தப்பான சாயம் அடித்தபோதுகூட நாங்கள் அப்படித்தான் சொன்னோம். வேலி இன்னும் மஞ்சளாகத்தான் இருக்கிறது.

திரும்பி வந்து ஒரு கட்டையை எடுத்துப் புரட்டிப் பார்த்தான். இன்னொன்றைப் புரட்டினான். விறகு பிளக்கும் அடிமரத்தின்மேல் உட்கார்ந்தான்.

“நம்பர் எங்க அக்கா?”

“என்ன நம்பர்?”

“வடக்குச் சுவர்ல இடது கட்டை. நேரெதிர் தெற்குச் சுவர்ல அதோட வலது கட்டை. ரெண்டும் ஒரே பலகையில பக்கத்துல பக்கத்துல அறுத்தது. அடியில ஒரே நம்பர் போட்டிருந்தேன்.”

குன்வோர் எதிர்ச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். நான்கு வருஷமாக அந்தப் பட்டறைக்குள் சாப்பாட்டுக்குக் கூப்பிட மட்டுமே போயிருந்தாள். எதிரெதிர்ச் சுவர் ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. “ஏன்டா ரெண்டு சுவர்ல மாட்டினே? ஒண்ணாக் கட்டி வச்சிருந்தா எந்த மடையனுக்கும் புரிஞ்சிருக்குமே!”

“ஒண்ணோட ஒண்ணு சாய்ஞ்சா வளைவு கெட்டுப்போகும்.”

“எழுதியாவது மாட்டி வச்சிருக்கலாம்ல?”

“எனக்குத் தெரியும்ல.” அவன் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. “பட்டறையில இருக்கறது நான் ஒருத்தன்தானே.”

“சரிடா, விடு. நீளம் ஒண்ணா இருக்கறதைச் சேர்த்து அனுப்பு. பட்டணத்துக்காரனுக்கு என்ன தெரியப்போகுது?”

“ஒண்ணு விறைப்பா, ஒண்ணு தொய்வா இருந்தா, மூணு கிலோமீட்டர்ல அவன் முழங்காலுக்குத் தெரிஞ்சிடும். அப்புறம் நுனியில என்ன பேரு இருக்குன்னு குனிஞ்சு பார்ப்பான்.”

அதோடு எழுந்து போய்ப் படுத்தான். ஞாயிற்றுக்கிழமை எழுந்திருக்கவில்லை. திங்கட்கிழமையும் இல்லை. காய்ச்சல் எதுவும் இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். சூப் கொண்டுபோனால் குடித்தான். “எப்படா எழுந்திருப்பே?” என்றால் “உம்” என்றான்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. திங்கட்கிழமை பகல் குன்வோர் முதல் முறையாக அதை அடிக்க விட்டாள். எழுந்து பட்டறைக்குப் போனாள்.

அடுக்களைத் தராசை எடுத்துப்போய் ஒவ்வொரு கட்டையாக நிறுத்தாள். நீளமும் எடையும் ஒத்தவற்றை ஒரு குவியலாக வைத்தாள். அது போதாது என்று சீக்கிரமே தெரிந்தது. ஒரு குவியலில் ஏழு கட்டை வந்து விழுந்தது. பிறகு வால் முனையைப் பார்த்தாள். மரத்தின் வருஷ ரேகைகள் அங்கே கோடு கோடாகத் தெரிந்தன. ஒன்றின் ரேகை மற்றதில் தொடர்ந்தால் இரண்டும் ஒரே பலகை. தாளில் பென்சிலால் ரேகையை நகல் எடுத்து ஒப்பிட்டாள். கண் பூத்துப்போனது. சில ஜோடிகள் கதவு பொருந்துவது போலப் பொருந்தின. சிலவற்றில் பதினோரு பேரின் உப்புத்தாள் ரேகையையே மழுக்கியிருந்தது. புதன்கிழமை விரல் நுனியெல்லாம் மரச்செதில். வியாழக்கிழமை அவளும் பேசுவதை நிறுத்திவிட்டாள். எதற்காகத் தம்பி மாலையில் வீட்டுக்கு வந்தால் மேஜையையே பார்த்துக்கொண்டு உட்காருகிறான் என்பது இப்போது கொஞ்சம் புரிந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் முப்பத்து நான்கு ஜோடியையும் தரையில் வரிசையாகப் போட்டுவிட்டு அவனைக் கூப்பிட்டாள். கம்பளிச் சட்டைக்குமேல் போர்வையோடு வந்தான். ஒவ்வொரு ஜோடியையும் அடியோடு அடி சேர்த்து, நல்ல கையால் நடுவில் அழுத்தி, சன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து இடைவெளியைப் பார்த்தான். சரியானது இடப்பக்கம். மற்றது வலப்பக்கம். கடைசியில் இடப்பக்கம் பதினைந்து இருந்தது.

“அந்தப் பத்தொம்போது தப்பா?” என்றாள்.

“தப்புன்னு சொல்லலை. இதுக்கு இதுதான் ஜோடின்னு என்னால சத்தியம் பண்ண முடியாது.”

“ஒருவேளை சரியாவே இருக்கலாமே?”

“இருக்கலாம்.”

அடுப்பில் முத்திரை இரும்பு கிடந்தது. அவளே கரியை ஊதி அதைக் காய்ச்சினாள். சிவந்ததும் துணி சுற்றிப் பிடித்து எடுத்து, வலப்பக்கக் குவியலில் முதல் கட்டையின் நுனிக்கு மேலே கொண்டுபோனாள். இடுப்பு ஆபரேஷன் ஆன தமக்கை. மாமனார். ஐம்பது வயது மனைவிக்குப் பரிசை ஒளித்துவைக்க மாட்டுக்கொட்டிலில் இடம்கூடப் பார்த்துவிட்டேன் என்று சொன்ன மனிதர்.

அவன் தடுக்கவில்லை. “போடணும்னா போடு அக்கா. எனக்கு இன்னிக்குச் சண்டை போடத் தெம்பு இல்லை.”

“திட்டேன்டா! கத்தேன்!”

“அதான் சொன்னேனே. தெம்பு இல்லை.”

கையில் இரும்பு கனத்தது. அவன் கத்தியிருந்தால் வைத்திருப்பாள், அவளே பின்னால் ஒருவரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறாள். அவன் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு சன்னல் பக்கம் பார்த்தான். சிவப்பு கருஞ்சிவப்பாகி, பிறகு சாம்பல் நிறமாயிற்று. தண்ணீர் வாளியில் இரும்பை இறக்கினாள். அது சீறக்கூட இல்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து பத்தொன்பது பேருக்குப் போன் செய்தாள். ஊர் சேர்ந்து தேய்த்துவிட்டது என்று சொல்லவில்லை. அது சொல்லக்கூடிய விஷயம் இல்லை. “நான்தான் கட்டைகளைக் கலந்துட்டேன். என் தப்பு. இந்தக் குளிருக்கு இல்லை” என்றாள். சிலர் வருத்தப்பட்டார்கள். மாட்டுக்கொட்டிலில் இடம் பார்த்தவர் வைதார். குரல் இறங்கிய இடங்களிலெல்லாம் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். “அடுத்த வருஷம் நிச்சயமா?” என்று கேட்டவர்களிடமும் “நிச்சயமில்லை” என்றாள். பன்னிரண்டாவது ஆளுக்கு மேல் தொண்டை கட்டிப்போய், அழுகிறாள் என்று நினைத்து அவர்களே ஆறுதல் சொன்னார்கள்.

அந்தப் பத்தொன்பதில் ஒருவர் தூரிட்டின் மருமகன். செவ்வாய்க்கிழமை கூட்டுறவுக் கடையில் தூரிட்டின் குரல் ரொட்டி அலமாரி வரை கேட்டது. “குன்வோர் கட்டையெல்லாம் கலந்துட்டாளாம்! அந்த மனுஷன் உயிரைக் குடுத்துச் செய்யறான், இவ ஒரு வாரத்துல நாசம் பண்ணிட்டா. நாங்க அவ்வளவு அழகா அடுக்கி வச்சிட்டு வந்தோம்!”

குன்வோர் இரண்டு அலமாரி தள்ளி நின்று ஈஸ்ட் தேடிக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டது. ஈஸ்ட்டை எடுத்துக்கொண்டு வந்து, “காலை வணக்கம், தூரிட்” என்றாள். “வணக்கம், வணக்கம்” என்றாள் தூரிட், கொஞ்சம் இரக்கத்தோடு.

வாசலில் ஓத்வார் காத்திருந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

“அம்மா, ஒண்ணு கேக்கறேன். அந்தப் பென்சில் குறி...”

“சும்மா கிறுக்கல்தான், ஓத்வாரண்ணே.”

“இல்லை, நான் நேத்துப் பூரா யோசிச்சுப் பார்த்தேன்...”

“கிறுக்கல்தான். அன்னிக்கு ரொம்ப உதவி பண்ணீங்க.”

கிழவர் தொப்பியைப் போட்டுக்கொண்டார். அதற்கு மேல் அவர் எங்கேயும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. எங்கள் வீட்டில் ஒரே ஒரு தடவை சொன்னார். அதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார்.

பதினைந்து ஜோடி டிசம்பர் இருபதுக்குள் போய்ச் சேர்ந்தன. சுரண்டியது ஹால்வர். கடைசி வாரம் கட்டையை அசையாமல் பிடித்துக்கொண்டது குன்வோர். கிறிஸ்துமஸ் அன்று விலா இறைச்சி சாப்பிட்டுவிட்டு ஏழு மணிக்கே இருவரும் தூங்கிவிட்டார்கள்.

மிச்சப் பத்தொன்பது ஜோடியை விறகாக்க அவனுக்கு மனம் வரவில்லை. பெயர் இல்லாமல், தார் மட்டும் பூசி, ஜனவரியில் வந்து கேட்டவர்களுக்கு மரத்தின் விலைக்குக் கொடுத்தான். டுக்நாட்டுக்கு வந்தவர்கள்தான் அதிகம் வாங்கினார்கள். தூரிட்டும் வாங்கினாள். தானே தேய்த்ததால் அருமையாக ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். உறைந்த ஏரியின்மேல் அவள் போன தடத்தைப் பார்த்தால் நேராகப் போகிறவள் போலத் தெரியவில்லை. வயதாகிவிட்டது என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

பிப்ரவரியில் ஹால்வர், இனி குளிருக்குப் பதினெட்டு ஜோடி, அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை என்று சொல்லிவிட்டான். குன்வோர் மறு பேச்சுப் பேசவில்லை. பதினெட்டு ஜோடியில் இரண்டு பேர் பிழைக்க முடியாது என்பதையும் யாரும் சொல்லவில்லை. மே மாதம் அவள் வந்த அதே இரண்டு பெட்டியோடு கடற்கரை ஊரான க்ராகெரோவுக்குக் குடிபோனாள். அங்கே தீவுப் படகுக்குச் சீட்டு கிழிக்கும் அலுவலகத்தில் வேலை. பஸ் நிறுத்தம் வரை ஹால்வர் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான், இடது கையால்தான்.

இரண்டு வருஷம் கழித்து அங்கே தோர்லைஃப் என்கிற படகு இயந்திரக்காரரைக் கட்டிக்கொண்டாள். மனைவியை இழந்தவர், வளர்ந்த பெண்கள் இரண்டு பேர், பல் கொஞ்சம் எடுப்பு, மற்றபடி நல்ல மனிதர் என்று கேள்வி. ஓத்வார் அந்தக் கோடையில் காலமாகிவிட்டார். ஹால்வர் இன்னும் தனி ஆள்தான். தூரிட் வீட்டை விற்றுவிட்டு முட்டிவலிக்கு வெயில் நல்லது என்று ஸ்பெயினில் மகளோடு இருக்கிறாள். போன வாரம்கூட எங்களிடம் போனில் அரை மணி நேரம் பேசினாள். குன்வோர் கல்யாணத்துக்குத் தன்னைக் கூப்பிடாததில் அவளுக்கு இன்னும் மனத்தாங்கல்.